திங்கட்கிழமைத் தலை

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், பண்டார் தெங்காராவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஓர் அரசு கிளினிக்கில் டொரத்தி மூத்த தாதியாக வேலை பார்த்தார். ஐம்பத்தேழு வயது. ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. தோட்டத்து ஆட்கள் 'மிஸி' என்பார்கள்; கூட வேலை செய்தவர்கள் 'சிஸ்டர்' என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

அந்த வருடம் ஜனவரியில் கிளினிக்குக்கு ஒரு சிறு கருவி வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு இரண்டு வருட ஆய்வுக்காகக் கொடுத்தது. கையில் பிடித்துக்கொள்ளும் அளவுதான். தலையில் அழுத்திப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் அந்த இடம் வெளிச்சத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வருகிற ஒளி குறையும். இடப்பக்கம் ஓர் இடம், வலப்பக்கம் அதே இடம் என்று மாற்றி மாற்றி எட்டு இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகமானால் சின்னத் திரையில் சிவப்புப் புள்ளி வரும்.

அந்தப் பகுதிக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. இருபது கிலோ செம்பனைக் குலை தலையில் விழுந்தவர்கள் வருவார்கள். ஹெல்மெட் போடாமல் தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு சரிந்தவர்கள் வருவார்கள். ஸ்கேன் எடுக்க ஜோகூர் பாருவுக்குத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆம்புலன்ஸோ ஒன்றே ஒன்று. யாரை உடனே ஏற்றுவது, யாரை உட்காரவைத்துக் கவனிப்பது என்று முடிவெடுக்க அந்தக் கருவி உதவியது. கருவிக்கு மேலோட்டமான ரத்தக்கசிவுதான் தெரியும், ஆழத்தில் இருப்பதும் கொஞ்சமாக இருப்பதும் தெரியாது, ஸ்கேனுக்கு அது மாற்று இல்லை என்று பயிற்சி கொடுக்க வந்தவர் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

ஆய்வுக்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நல்ல தலை ஒன்றில் வைத்துப் பார்த்து, கருவி சரியாக வேலை செய்கிறதா என்று நோட்டில் எழுத வேண்டும். யார் தலை என்ற பேச்சு வந்தது. இளம் தாதி ஷஹீராவும் மலாய்த் தாதிகளும் தலையை மூடித் தூடோங் துணி அணிந்தவர்கள். வாரா வாரம் கதவைப் பூட்டி, அவிழ்த்து, மறுபடி கட்ட வேண்டும். டாக்டர் லோஷினிக்கு அடர்த்தியான கூந்தல். வகிடு பிரிக்கவே கால் மணி நேரம் ஆகும். ஆம்புலன்ஸ் ஓட்டும் யுகேந்திரன் முடிக்கு ஜெல் தடவுவார். கருவி பிசுபிசுத்துப் போகும். டொரத்திக்குத் தன் கையாலேயே ஒட்ட வெட்டிக்கொண்ட நரைமுடி.

"என் தலை சும்மாத்தான இருக்கு, பாத்துக்குங்க," என்றார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைத் தலை அவருடையது. காலை எட்டு மணிக்குச் சிகிச்சை அறை நாற்காலியில் உட்காருவார். ஷஹீரா விரலால் முடியை விலக்கி, கருவியை வைப்பாள். மொத்தம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக டொரத்தி ஞாயிற்றுக்கிழமை மாலையே தலைக்குக் குளித்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வருடமாக அவர் தலையை வேறு யாரும் தொட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்புதான் அவருடைய அம்மா இறந்தார். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஜோகூர் பாருவில் தாதிப் பயிற்சி முடித்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்த டொரத்தி, அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனதும் பண்டார் தெங்காராவுக்கு மாற்றல் கேட்டு வாங்கி, ஒரு தாமான் குடியிருப்பில் வீடு பிடித்தார். பதினொரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். வந்த வரன்கள் இரண்டு, அதற்குள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. தம்பி கிரகோரி சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. கிறிஸ்மஸுக்கு வருவார், அதுவும் எல்லாக் கிறிஸ்மஸுக்கும் இல்லை. அம்மாவின் அடக்கத்துக்குப் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்தார்.

"கோஸ்வேல ஜாம்க்கா. அஞ்சு மணி நேரம்," என்று சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலைச் சொன்னார்.

"பதினொரு வருஷமா ஜாம்?" என்று டொரத்தி கேட்டார். தேவாலயச் சாமியார் இருந்தார், பங்கு மக்கள் இருந்தார்கள்; எல்லார் காதிலும் விழுந்தது. கிரகோரி கல்லறையிலிருந்தே நேராகக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, டொரத்தி கூலாயில் சாமான் வாங்கிவிட்டு வந்து, காரின் பின்னால் சாமான் வைக்கும் 'பூட்'டிலிருந்து அரிசிப் பையைத் தூக்கினார். பழைய கார். பூட் மூடி நிற்காமல் தானாக இறங்கி, இடது காதுக்கு மேலே இடித்தது. ரத்தம் வரவில்லை. லேசாக வீங்கியது. வேறு ஒருவராக இருந்தால் மறந்துவிட்டிருப்பார். ஆனால் டொரத்திக்கு இதயத் துடிப்பில் கோளாறு உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்குத் தலையில் அடிபட்டால் என்ன ஆகலாம் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துக் கண்மணிகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் ஒரே அளவில் சுருங்கின. நோயாளியாக இருந்தால் வீட்டு ஆட்களிடம், "ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்பிப் பாருங்க, பேச்சு சரியா இருக்கான்னு கேளுங்க," என்று சொல்லி அனுப்புவார். அன்றிரவு கைப்பேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக அலாரம் வைத்துக்கொண்டு படுத்தார். ஒவ்வொரு முறை அடித்தபோதும் எழுந்து உட்கார்ந்து, தன் பெயரையும் அன்றைய தேதியையும் சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி படுத்தார்.

திங்கட்கிழமை ஷஹீரா கருவியை வைத்துப் பார்த்தாள். சிவப்பு வரவில்லை. வழக்கம்போல நோட்டில் எழுதினாள். டொரத்திக்கு மனசு லேசாகிவிட்டது. அடிபட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் ஒன்றும் வரவில்லை.

நவம்பர் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஏறி, தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வந்தது. கிளினிக் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த நிவாரண மையத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு திங்கட்கிழமைகள் கருவியை யாரும் தொடவில்லை.

அந்த நாட்களில் டொரத்தியிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. வலது தோளில் மாட்டிய கைப்பை நழுவி நழுவி விழுந்தது. கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி, நிவாரண மையத்துப் பட்டியலை ஷஹீராவிடம் எழுதக் கொடுத்தார். தலைவலிக்குப் பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டார். ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் வார்த்தைகள் காணாமல் போயின. ஐம்பது வருடமாகச் சொல்லிவந்த ஜெபம். பக்கத்தில் இருந்தவர்கள் குரலோடு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் பேச ஆள் இருந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். "ஏன் பேச்சு தடுமாறுது, ஏன் கால இழுத்து நடக்கற" என்று ஒருவர் கேட்டிருப்பார். பக்கத்து வீட்டு மலாய்த் தம்பதி நல்லவர்கள்; வாசலில் பார்த்தால் கை அசைப்பார்கள், டொரத்தியும் கை அசைப்பார். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. கிளினிக்கில் அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சிஸ்டருக்கு வெள்ளத்து வேலையில் களைப்பு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தனியாக இருந்து இருந்து தனக்கு இப்படி ஆகிறது என்று டொரத்தி நினைத்தார்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை, சேறெல்லாம் கழுவி முடித்து, கிளினிக் வழக்கத்துக்குத் திரும்பியது. டொரத்தி நாற்காலியில் உட்கார்ந்தார். நான்காவது இடத்தில் வைத்ததும் ஷஹீராவின் கை நின்றது.

"முடி சரியா வெலகல போல, சிஸ்டர். இன்னொரு தடவ பாக்கறேன்."

மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

மருந்துப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு யுகேந்திரன் வாசலில் நின்றிருந்தார். "மெஷினுக்குள்ள தண்ணி போயிருக்கும் லா. வெள்ளத்தப்ப ஸ்டோர்லதான கெடந்துச்சு," என்றார்.

"அப்படித்தான் இருக்கும்," என்றார் டொரத்தி. "நீ வந்து ஒக்காரு."

"என் தலையா? ஜெல் போட்டிருக்கேன் சிஸ்டர்."

ஷஹீரா ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அவர் தலையைத் துடைத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு இடத்திலும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"அலமாக்," என்று மலாயில் பதறினார் யுகேந்திரன். நாற்காலியை விட்டு எழுந்தார்.

டொரத்தி மறுபடி உட்கார்ந்தார். ஷஹீரா இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு மயிராக விலக்கி வைத்தாள். இடது காதுக்கு மேலே, அதே இடத்தில், சிவப்பு. அவள் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் லோஷினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "சிஸ்டர், ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ண மூடிக்குங்க."

டொரத்தி இந்தச் சோதனையை எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். கைகளை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். இரண்டும் ஒரே மட்டத்தில் அசையாமல் இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

"இப்ப கண்ணத் தொறங்க."

வலது கை ஒரு சாண் கீழே இறங்கி, உள்ளங்கை திரும்பிக் கிடந்தது. அது தன் கைதான் என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்ப அடிபட்டுச்சு, சிஸ்டர்?"

"அக்டோபர்ல... காரு..." பூட் என்ற சொல் வரவில்லை. வாயருகே வந்து நின்றது. "காரு பின்னால... அந்த... மூடி." மூன்று பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டுவிட்டு லோஷினி நாக்கைக் கடித்துக்கொண்டார். நோயாளிகளிடம் கேட்டுப் பழகிய கேள்வி.

"வீட்ல நான்தான்," என்றார் டொரத்தி.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் படிவத்தை ஷஹீரா நிரப்பினாள். பெயர், அடையாள அட்டை எண், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்காமலே எழுதினாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"யார் பேரப் போடட்டும் சிஸ்டர்?"

டொரத்தி ஜன்னலைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, இடது கையால் தேடி, 'தம்பி' என்றிருந்த எண்ணைக் காட்டினார். ஷஹீரா அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை அழைத்தாள். பிறகு செய்தி அனுப்பினாள். செய்திக்குக் கீழே, பார்த்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. டொரத்தி அதைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் ஷஹீரா கூட வந்தாள். "சைரன் வேணாம்பா," என்று டொரத்தி சொன்னதற்கு, "சும்மா இருங்க சிஸ்டர், இன்னிக்கு நீங்க பேஷண்ட்," என்று யுகேந்திரன் முன்னிருந்து பதில் சொன்னார். படுத்தபடி பார்த்தால் செம்பனையின் உச்சி ஓலைகள் மட்டும் ஓடின. முப்பது வருடமாக ஆம்புலன்ஸ்களின் பக்க இருக்கையில் உட்கார்ந்து போனவர். படுக்கையிலிருந்து பார்த்தால் பாதை தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேனில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே, இடப்பக்கம், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் பிறை போலத் தேங்கி, மூளையை வலப்பக்கமாகத் தள்ளியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் தூக்கத்திலேயே நினைவு தப்பியிருக்கும் என்றார் அங்கிருந்த மருத்துவர். மாத்திரையின் வேகத்தைக் குறைக்க ஊசி போட்டு, மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று முடிவு செய்தார்கள். சம்மதப் படிவத்தில் டொரத்தியே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போனது.

கிளினிக்கில் ஆம்புலன்ஸ் வேண்டும்; ஷஹீராவும் போகத்தான் வேண்டும். தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் போகணும், சிஸ்டர்..."

"போ. அங்க ஆள் இல்ல."

அவள் போனபிறகு, வார்டில் இடம் கிடைக்கும் வரை, நடைவழியில் சுவரோரமாக மூன்று மணி நேரம் கிடந்தார். எதிரே ஒரு கிழவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பாதுகாவலர் வந்து விரட்டினார், போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். டொரத்தியிடம் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. ஜெபமாலை சொல்லலாம் என்று நினைத்தார். அருள்நிறை மரியே என்று தொடங்கியது, அடுத்தது வரவில்லை. தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

காலையில் பாதித் தலையை மழித்து, எலும்பில் இரண்டு சிறு துளை போட்டார்கள். உள்ளேயிருந்து வந்தது பழைய என்ஜின் எண்ணெய் போலக் கறுத்துப்போன ரத்தம் என்று பிறகு சொன்னார்கள்.

கண் விழித்தபோது கட்டிலருகே ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலை வழுக்கை விழுந்து, முகம் கறுத்திருந்தது. யாரோ பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் என்று முதலில் நினைத்தார். நிமிர்ந்ததும்தான் கிரகோரி என்று தெரிந்தது.

"எப்ப வந்த?"

"காலைல. நீ ஆப்பரேஷன்ல இருந்த."

கிரகோரி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெசேஜ் நேத்தே பாத்துட்டேன்க்கா," என்றார் கிரகோரி. "கூப்பிடலாம்னு எடுத்தேன். தைரியம் வரல. திட்டுவியோன்னு..."

"திட்டறதுக்கு வார்த்த வரணுமேடா," என்றார் டொரத்தி.

கிரகோரி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்து, உறிஞ்சு குழலை அக்காவின் வாயருகே பிடித்தார். டொரத்தி குடித்தார். அடக்கத்தன்று சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தான் அன்று சொன்னது பொய்யில்லை. குழலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

கிரகோரி மூன்று நாள் இருந்தார். கடைசி நாள், "சிங்கப்பூர்ல எங்ககூட வந்து இரேன்," என்றார். கேட்டுவிட்டுக் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேல இருக்குடா," என்றார் டொரத்தி.

கிரகோரியின் தோள் நிம்மதியில் லேசாகத் தளர்ந்ததை டொரத்தி கவனித்தார். தனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை அவர் வருகிறார். இருவரும் கூலாயில் வாழையிலைக் கடையில் சாப்பிடுகிறார்கள். அதிகம் பேசுவதில்லை. மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

மார்ச் மாதம் டொரத்தி வேலைக்குத் திரும்பினார். வலது கையில் தொண்ணூறு சதவீதம் பலம் வந்துவிட்டது. வார்த்தைகளும் வந்துவிட்டன, களைத்த நாளில் மட்டும் ஒன்றிரண்டு தாமதமாக வரும். மண்டையில் துளை போட்ட தலை ஆய்வுக்கு ஆகாது. தைப்பூசத்துக்கு மொட்டை போட்டிருந்த யுகேந்திரனைத் திங்கட்கிழமை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். டொரத்தி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். டிசம்பர் முதல் திங்களுக்கு எதிரே 'கருவி பழுது' என்று ஷஹீரா எழுதி, அதை அடித்துவிட்டு, 'கருவி சரி' என்று எழுதியிருந்தாள்.

ஆய்வுக் குழுவினர் வந்து விவரம் கேட்டார்கள். அவர்களிடம் டொரத்தி சந்தோஷமான கதையை மட்டும் சொல்லவில்லை. அடிபட்ட வாரத்தில் கருவி ஒன்றும் காட்டவில்லை, அதை நம்பித்தான் தான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டதாகச் சொன்னார். முதல் நாள் சிவப்பு வரவில்லை என்றால் அன்றைக்கு இல்லை என்றுதான் அர்த்தம், இனி வராது என்று அர்த்தமில்லை. பிறகு ஒன்று கேட்டார். தலையில் அடிபட்டு வருகிறவர்களின் அட்டையில் வீட்டில் உடன் இருப்பவர் யார் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? ஒருவரும் இல்லை என்று சொல்பவர்களை மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். டாக்டர் லோஷினி ஒத்துக்கொண்டார். கூப்பிடுகிற வேலை டொரத்திக்கே வந்தது.

தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் தனியாக இருக்கும் ஐயாசாமி என்ற எழுபது வயதுக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டார். சைக்கிளிலிருந்து விழுந்தவர்.

"தலவலி இருக்காய்யா? கைகால் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லா இருக்கு மிஸி. என் மக கோலாலம்பூர்ல இருக்குல்ல, அது..." என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். பேச்சு தடுமாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த டொரத்தி, தடுமாறவில்லை என்று தெரிந்த பிறகும் வைக்கவில்லை.

வீட்டில் அவர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். அந்த மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இதயத்துக்கு வேறு வழியில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தினமும் போன் பண்ணுகிறேன் என்று ஷஹீரா தானாகவே சொன்னாள். முதல் மாதம் தவறாமல் பண்ணினாள். இப்போது சில நாள் மறந்துவிடுகிறாள். சின்னப் பெண், நிச்சயதார்த்தம் வேறு ஆகியிருக்கிறது. போன் வராத நாளில் டொரத்தி தானாகக் கூப்பிடுவதில்லை. எட்டு மணி வரை பார்த்துவிட்டு, எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொள்கிறார்.